வில்பத்துப் பாதை: திறப்பதா, மூடுவதா, கதவு போடுவதா, சுற்றிப் போவதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மேசையில் இரண்டு கடதாசிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று சிலாவத்துறை நண்பர் கொண்டுவந்தது. சின்ன வயதில், 1990இல், உடுத்த உடுப்போடு ஊரை விட்டு வந்தவர். இப்போது புறக்கோட்டையில் கடை. "புத்தளம் – மன்னார் பழைய பாதையைத் திறக்க வேண்டும்" என்பது அதன் தலைப்பு. மற்றது தங்கையின் மகள் கொண்டுவந்தது. விலங்கியல் படிக்கிறாள். "வில்பத்துவுக்குள் பாதை வேண்டாம்." இரண்டிலும் கீழே ஒரே மாதிரிக் கட்டங்கள்: பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம்.

"ஒரு கையெழுத்து வைச்சுத் தா மச்சான், நான் போகோணும்" என்றார் அவர்.

"மாமா, அதில வைச்சா இதில வைக்க ஏலாது" என்றாள் இவள்.

அன்றைக்கு இரண்டிலும் வைக்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு இருவரும் போய்விட்டார்கள், கடதாசிகள் மட்டும் மேசையில் தங்கிவிட்டன. மன்னார், முசலி (சிலாவத்துறை இருக்கும் பிரதேசம்), புத்தளம் பக்கத்து வேர் உள்ள கொழும்புக்காரர் பலருக்கும் இந்த இரண்டு கடதாசிகளில் ஒன்றாவது வந்திருக்கும். கேட்பவர் உறவுக்காரர், மறுப்பது கஷ்டம். வைத்தால் எதற்கு வைத்தோம் என்று தெரியவும் வேண்டும். அதனால்தான் உட்கார்ந்து யோசித்ததை எழுதுகிறேன்.

## எந்தப் பாதை?

புத்தளத்தில் இருந்து வண்ணாத்திவில்லு, இலவன்குளம். அங்கே கலா ஓயாவைக் கடந்தால் வில்பத்து. பூங்காவின் மேற்குப் பக்கத்தை ஊடறுத்து மோதரகம் ஆற்றைத் தாண்டி மறிச்சுக்கட்டியில் ஏறினால் சிலாவத்துறை, அப்புறம் மன்னார். மொத்தம் 100 கிலோமீட்டரும் கொஞ்சமும். இந்தப் பாதை இல்லையென்றால் புத்தளம் – அநுராதபுரம் – மதவாச்சி – மன்னார் என்று சுற்ற வேண்டும். அது ஏறத்தாழ 185 கிலோமீட்டர்.

வில்பத்து 1938 முதல் தேசியப் பூங்கா. 1,300 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மழைநீர் தேங்கும் 'வில்லு'கள்தான் அதன் உயிர். 2013இல் அந்த ஈரநிலத் தொகுதி, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சிறுத்தை, கரடி, யானை எல்லாம் அந்த வில்லுகளைச் சுற்றித்தான். 2010இல் பாதையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின. சட்டப்படி, தேசியப் பூங்காவுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவதே குற்றம். தினமும் பஸ் ஓடும் பொதுவீதி அந்தச் சட்டத்துக்குள் எப்படி அடங்கும் என்பதுதான் சிக்கலின் முடிச்சு.

## எதை வைத்து அளப்பது?

நான் கடைசியில் ஐந்து கேள்விகளோடு நின்றேன்.

1. யாருடைய பயணம் குறைகிறது? ஊர்க்காரருடையதா, ஊரைக் கடந்து போகிறவருடையதா?
2. மழைக்காலத்தில் ஓடுமா? ஐப்பசி முதல் தை வரை நிற்கும் பாதையை நம்பி ஒரு குடும்பம் எதைத் திட்டமிட முடியும்?
3. பாதைக்குப் பின்னால் என்ன வரும்? கடை, காணித் தரகர், மின்கம்பம், மரம் ஏற்றும் லொறி.
4. பிழை என்று தெரிந்தால் பின்வாங்க முடியுமா?
5. பராமரிப்பது யார், காவல் காப்பது யார், எந்தப் பணத்தில்?

மூன்றாவது கேள்விக்குத்தான் கூடுதல் பாரம் கொடுக்கிறேன். அமேசன் காட்டைப் பற்றி 2014இல் வந்த ஓர் ஆய்வு, அங்கு அழிந்த காட்டில் ஏறத்தாழ 95 வீதம் ஒரு பாதையில் இருந்து 5.5 கிலோமீட்டருக்குள், அல்லது படகு போகும் ஆற்றில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் இருந்தது என்று காட்டியது. பாதை போடுவதற்காக வெட்டும் மரம் கொஞ்சம்தான். பாதை வழியாக வந்து வெட்டுகிற மரம்தான் கணக்கு.

## "ஊர் மக்கள்" என்பவர் ஒருவர் இல்லை

இரண்டு கடதாசியும் ஊர் மக்கள் பெயரில்தான் பேசுகின்றன. ஆனால் அந்தப் பாதையின் இரு முனையிலும் இருப்பவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. பொலிவியாவில் டிப்னிஸ் காட்டுக்குள் நெடுஞ்சாலை போட அரசு முனைந்தபோது 2011இல் பழங்குடி மக்கள் அரசாங்கம் இருக்கும் லா பாஸுக்கு நடந்தே போனார்கள். அதே காட்டின் தெற்கு விளிம்பில் கோக்கா பயிரிட்ட குடியானவர்கள் பாதை வேண்டும் என்றார்கள். இரு பக்கமும் உள்ளூர் மக்கள்தான். இங்கேயும் கதை அதுதான்.

முசலி முஸ்லிம்களை எடுங்கள். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பெரும் பகுதியினர் புத்தளத்தில் முகாம்களிலும் ஓலைக் கொட்டில்களிலும் ஒதுங்கினார்கள். போர் முடிந்து ஊர் திரும்பும்போது இருபது வருடம் ஓடிவிட்டது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் புத்தளத்தில், வாப்பாவின் காணி சிலாவத்துறையில். கலியாணம் அங்கே, மையத்து அடக்கம் இங்கே. என் நண்பரின் உம்மா முசலியில் தனியாக இருக்கிறார். இரண்டு அக்காமாரும் புத்தளம். இவர்களுக்கு அந்தப் பாதை நெடுஞ்சாலை இல்லை. வீட்டுக் கூடத்துக்கும் குசினிக்கும் நடுவில் இருக்கிற நடை. கொழும்பு – மன்னார் பயணிக்கு மிச்சமாவது 80 கிலோமீட்டர்; புத்தளத்தில் இருந்து சிலாவத்துறைக்குப் போகிறவருக்கோ சுற்றுவழி இரண்டு மடங்கைத் தாண்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. மக்கள் இன்னும் முழுதாகத் திரும்பாத காலத்தில், 2012இல், மறிச்சுக்கட்டி – கரடிக்குளிப் பக்கம் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் வந்தது. 2017இல் மாவில்லு என்ற பெயரில் இன்னும் பெரிய பரப்பு. தாங்கள் விட்டுப் போன காணிகளும் அந்தக் கோட்டுக்குள் விழுந்துவிட்டன என்பது அந்த ஊர்களின் முறைப்பாடு. ஆளில்லாத இருபது வருடத்தில் வளர்ந்த பற்றையைக் காடென்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வராதா? இதைத் தெரியாமல் "இவர்களுக்குக் காட்டின் அருமை தெரியாது" என்று கொழும்பில் இருந்து சொல்வது சுலபம்.

பக்கத்து முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கருக்கு வேறு கவலை. 2007இல் இடம்பெயர்ந்தபின் ஊரின் பெரும் பகுதி கடற்படையிடம் போனது. அவர்களிடம் போய் வில்பத்துப் பாதை பற்றிக் கேட்டால், "முதல்ல எங்கட வீட்டுக்குப் போற பாதையைத் திறக்கச் சொல்லுங்கோ" என்பார்கள். நியாயம்தானே.

மன்னார்க் கத்தோலிக்கர் பலருக்கு அது யாத்திரைப் பாதை. தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு அந்த வழியாகத்தான் மாட்டு வண்டில் போனதாக என் அம்மம்மா சொல்லுவார். காட்டுக்குள்ளேயே பள்ளேகண்டலில் அந்தோனியார் கோயிலும் இருக்கிறது.

மீன் வியாபாரிக்கு ஐஸ் உருகும் நேரம்தான் கணக்கு. பேலியகொடை மீன் சந்தைக்கு எத்தனை மணிக்கு முன்னால் போய்ச் சேரலாம் என்பதுதான். லொறிக்காரருக்கு டீசல். இலவன்குளத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஓர் அம்மா, பல வருடத்துக்கு முன் எங்களிடம் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "பாதை திறந்தா யாவாரம் வரும் தம்பி. ராவைக்கு லொறி ஓடினா யானை எங்கட தோட்டப் பக்கந்தான் திரும்பும்." ஒரே ஆள், ஒரே மூச்சில், இரண்டு பக்கமும். இந்த நாட்டில் அண்மைய வருடங்களில் யானை – மனித மோதலில் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களும் முந்நூறுக்கும் மேற்பட்ட யானைகளும் செத்துக்கொண்டிருக்கும்போது, அந்த அம்மாவின் பயம் கற்பனை இல்லை.

## தெரிவு 1: காபட் (தார்) போட்டு முழுதாகத் திறப்பது

கிடைப்பது: வேகம். கொழும்பில் இருந்து மன்னாருக்கு ஓர் இரவு முழுக்கப் போகிற பஸ் பயணம் நன்றாகவே சுருங்கும். மீன் லொறிக்கு ஐஸ் மிச்சம். புத்தளம் – முசலிக் குடும்பங்கள் காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

மறைந்திருக்கும் செலவு: முதலாவது, பாலம். 2013 ஓகஸ்டில் தலவிலவுக்குப் போய்த் திரும்பும்போது வாடகை வானில் அந்த வழியாக வந்தோம். கோடைதான். இருந்தும் கலா ஓயாவின் தாழ்வான சப்பாத்துப் பாலத்தின் மேலால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. சாரதி வானை நிறுத்தினார். உதவியாளர் பையன் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கொங்கிறீட்டின் விளிம்பைக் காலால் தடவித் தடவி முன்னால் நடந்தான். அவன் கால் வைத்த இடத்தில் டயர். பின்னால் இருந்த பெரியம்மா செபமாலையை எடுத்துவிட்டார். அக்கரை ஏறியதும் புழுதி. மணிக்கு இருபத்தைந்து, முப்பதுக்கு மேல் ஓட முடியவில்லை. அடிக்கடி மயில் குறுக்கே நடந்தது, சாரதி நின்று விட்டுவிட்டுப் போனார்.

மாரியில் அந்தச் சப்பாத்து முழுதாக மூழ்கும். ஆகவே 'முழுதாகத் திறப்பது' என்றால் அதன் உண்மையான பொருள் கலா ஓயாவுக்கு உயரமான பாலம், மோதரகம் ஆற்றுக்கு இன்னொன்று, நடுவில் மண்ணை உயர்த்திக் காபட். கடதாசியில் அது எழுதப்படுவதில்லை. உயர்த்திய வீதி வெள்ளத்துக்கு அணை போல நிற்கும். மேலே சொன்ன வில்லுகளுக்கு நீர் வந்துபோகும் வழி மாறும்.

இரண்டாவது, வேகமே செலவு. புழுதிப் பாதையில் மயிலுக்கு நின்ற சாரதி, காபட்டில் எண்பதில் வரும்போது கரடிக்கு நிற்க மாட்டார். நிற்கவும் முடியாது. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே ரயில் மோதி ஆறு யானைகள் செத்ததைப் பத்திரிகையில் பார்த்தோம். தண்டவாளம் ஒரு கோடுதான். வீதி அதைவிட அகலம்.

மூன்றாவது, போகிறவர் யார் என்பது மாறிவிடும். உம்மாவைப் பார்க்கப் போகிறவருக்காகத் திறந்த பாதையில் நூற்றுக்குத் தொண்ணூறும் கடந்து போகிறவர்களாக இருப்பார்கள்.

எங்கே இது சரி? ஊர் காட்டுக்குள் அடைபட்டு, வேறு வழியே இல்லாமல் இருந்தால். சிங்கராஜாவின் ஓரத்தில் இருக்கும் லங்காகமவை நினைக்கிறேன். 2020 ஓகஸ்டில் அப்போதைய ஜனாதிபதி அங்கே போய், நெலுவ – லங்காகம – தெனியாய பாதையைத் தொண்ணூறு நாளில் முடிக்கச் சொன்னார். இராணுவம் வேலை செய்தது. 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிற மழைக்காடு. கொழும்பில் எதிர்ப்பு பலமாக எழுந்தது. ஊர்க்காரரோ பாதையின் பக்கம் நின்றார்கள். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தேயிலைக் கொழுந்தை ஏற்றவும் ஒழுங்கான வழி வேண்டும் என்றார்கள். காப்புக்காட்டின் ஊடாகப் போவது ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர்தான். அங்கே நான் ஊர்க்காரரின் பக்கம். ஆனால் ஒரு வாகன அகலம், மரக்கிளைகள் மேலே கைகோத்தபடி இருக்க வேண்டும். மழைக்காட்டில் கூரை பிளந்தால் குரங்கும் தேவாங்கும் அந்தப் பக்கம் தாண்ட முடியாது. வெயில் விழுந்த ஓரத்தில் வேண்டாத செடி ஏறும். பாதை ஊரோடு நின்றால் ஒரு கதை, மறுபுறம் பெருந்தெருவோடு இணைந்தால் இன்னொரு கதை. லங்காகமவிலும் அந்த இரண்டாம் பாதிதான் எனக்குச் சங்கடம்.

ஆஸ்பத்திரி வாதத்தை அங்கிருந்து தூக்கி வந்து வில்பத்துவில் ஒட்டுவது பொருந்தாது. சிலாவத்துறையில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் அம்புலன்ஸ் வடக்கே மன்னாருக்குத்தான் ஓடும். காட்டுக்குள்ளால் புத்தளத்துக்கு யாரும் கொண்டுபோகப் போவதில்லை.

## தெரிவு 2: பொதுமக்களுக்கு முற்றாக மூடுவது

கிடைப்பது: காடு காடாக இருக்கும். காவலும் சுலபம், உள்ளே நிற்கிற எந்த வாகனமும் கேள்விக்குரியது. பின்வாங்கவும் முடியும், ஏனென்றால் நாளைக்குத் திறக்கலாம். திறந்ததை மூடுவது போலக் கஷ்டம் இல்லை.

மறைந்திருக்கும் செலவு: இது மருமகளுக்குப் பிடிக்காத பகுதி. மூடும்போது சுமை முழுதும் விழுவது மிகச் சிலர் தலையில். பஸ் மாறி மாறி அநுராதபுரம் சுற்றிப் போகிற உம்மாமார், பெரியம்மாமார். அவர்களுக்கு யாரும் நட்டஈடு கொடுப்பதில்லை. இரண்டாவது, காவல். காட்டைக் காப்பது வனஜீவராசிகள் திணைக்களத்தின் ஒரு சிறு படை மட்டும் இல்லை. பொறி வைக்கிறவனைப் பற்றித் தகவல் சொல்லும் ஊர்க்காரனும்தான். பாதையையும் காணியையும் இழந்தவன் வாயைத் திறக்க மாட்டான். மூன்றாவது, 2015இல் "வில்பத்துவைக் காப்போம்" என்ற குரல் சமூக வலைத்தளங்களில் முஸ்லிம்களுக்கு எதிரான கூச்சலாகத் திரிந்தது. காட்டை நேசித்தவர்கள் பலர் அதில் இல்லை என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கறை அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டது. கையெழுத்துக் கேட்கிறவர்கள் அதை நினைவில் வைத்து வாசகம் எழுத வேண்டும்.

எங்கே இது சரி? இரு முனைக்கும் வேறு நல்ல வழி ஏற்கெனவே இருக்கும் இடத்தில். பாதையை ஊர்க்காரரைவிடக் கடந்து போகிறவர் அதிகம் பாவிக்கும் இடத்தில்.

## தெரிவு 3: கதவு போட்டு, நேரம் வைத்து விடுவது

இது நமக்குப் புதிது இல்லை. ஆடிவேல் காலத்தில் ஒகந்தை முருகன் கோயிலில் இருந்து குமண, யால காடுகள் வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கிற பாத யாத்திரையை எண்ணிப் பாருங்கள். வருடத்தில் குறிப்பிட்ட சில நாள் காட்டுக் கதவு திறக்கும், ஆயிரக்கணக்கானவர்கள் அரோகரா சொல்லி நடப்பார்கள், கதவு மூடும். குப்பைதான் பிரச்சினை, மற்றபடி காடு தன் பாட்டுக்கு இருக்கிறது.

வாகனத்துக்கு உதாரணம் பக்கத்து நாட்டில். மைசூர் – கோழிக்கோடு நெடுஞ்சாலை பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் ஊடாகப் போகிறது. 2009 முதல் இரவு ஒன்பது மணியில் இருந்து காலை ஆறு வரை மூடுகிறார்கள். அம்புலன்சும் ஒரு சில பஸ்களும் மட்டும் விலக்கு. சத்தியமங்கலத்தின் திம்பம் மலைப்பாதையிலும் 2022இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவோடு இரவுத் தடை வந்தது. இரண்டு இடத்திலும் உள்ளூர் மக்கள் சும்மா இருக்கவில்லை. வயநாட்டில் 2019இல் சுல்தான் பத்தேரியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். தாளவாடி விவசாயிகள், காய்கறி சந்தைக்குப் போவது எப்படி என்று தெருவுக்கு வந்தார்கள். பகல் பாதையை அனுபவிப்பது சுற்றுலாக்காரர், இரவுத் தடையைச் சுமப்பது விவசாயி என்பது அவர்களுடைய மனத்தாங்கல். நேரத்தை யாருடைய மணிக்கூட்டை வைத்துத் தீர்மானிக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

வில்பத்துவுக்கு இதை எப்படிப் பொருத்தலாம்? கோடையில் மட்டும், பகலில் மட்டும். லொறி இல்லை. காலையும் மாலையும் இ.போ.ச. பஸ், முசலி வதிவிடம் காட்டுகிறவரின் சொந்த வாகனம், திருவிழாக் காலத்தில் யாத்திரை வான்கள். இரு முனையிலும் இலக்கம் பதிந்து, நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் ஒப்பிட்டால், நடுவில் நின்றவர் யார், வேகமாய் ஓடினவர் யார் என்று தானே தெரியும். புழுதிப் பாதை புழுதிப் பாதையாகவே இருக்கும். சப்பாத்துப் பாலம் சப்பாத்துப் பாலமாகவே இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு: கதவு என்பது மனிதர். காலப்போக்கில் கதவருகில் இருப்பவருக்குத் தெரிந்தவர், அரசியல்வாதியின் வாகனம், 'இன்றைக்கு மட்டும்' லொறி. விலக்கு மெதுவாக வழக்கமாகும். சட்டப்படியும் இது சுலபம் இல்லை. தேசியப் பூங்காவுக்குள் பஸ் சேவைக்கு என்ன ஏற்பாடு என்பதை நீதிமன்றமும் திணைக்களமும் ஏற்க வேண்டும். அப்புறம், மாரி நாலு மாதமும் இந்தப் பாதை இல்லை. அந்த மாதங்களுக்கு வேறு பதில் வேண்டும்.

எங்கே இது சரி? பாவிக்கிறவர்கள் எண்ணக்கூடிய அளவில், பெயர் சொல்லக்கூடிய ஊர்களாக இருக்கும் இடத்தில். வயநாட்டில் தகராறு தீராததற்குக் காரணம் அங்கே போவது ஒரு பெருநகரத்தின் போக்குவரத்து. முசலியோ ஒரு பிரதேச செயலகப் பிரிவு.

## தெரிவு 4: காட்டைச் சுற்றிப் போகும் வழியை நல்லதாக்குவது

இது யாருக்கும் உற்சாகம் தராத தெரிவு. பதாகை பிடிக்க முடியாது. ஆனால் நான் அதிக நேரம் யோசித்தது இதைத்தான்.

நொச்சியாகம, ஓயாமடுவ, தந்திரிமலைப் பக்கமாகப் பூங்காவின் கிழக்கு ஓரத்தால் வடக்கே ஏறுகிற வீதிகளைத் திருத்தி மதவாச்சி – மன்னார் வீதியோடு ஒழுங்காக இணைத்தால், அநுராதபுரம் நகரத்துக்குள் போய் வரும் தூரம் குறையும். அதைவிட முக்கியம், பஸ். இன்று புத்தளத்தில் இருந்து முசலிக்குப் போகிற அறுபது வயதுப் பெண்ணைக் களைக்க வைப்பது கிலோமீட்டர் அல்ல, இறங்கி ஏறுவது. அநுராதபுரத்தில் ஒரு காத்திருப்பு, முருங்கனில் இன்னொன்று, பைகள், மழை. புத்தளம் – சிலாவத்துறை நேரடி பஸ், நாளைக்கு இரண்டே இரண்டு, மாரியிலும் கோடையிலும் ஓடினால் பாதி முறைப்பாடு தீரும். மீனுக்கு முசலியிலேயே ஐஸ் ஆலையும் குளிரூட்டிய லொறியும் இருந்தால் 80 கிலோமீட்டர் பெரிய பூதம் இல்லை. காணி, அடையாள அட்டை அலுவல்களுக்குப் புத்தளத்துக்கும் முசலிக்கும் அலையாமல் நடமாடும் சேவை வைக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு: சுற்றுப் பாதையும் யானைக் காட்டின் ஓரம்தான், அங்கேயும் ஊர்களும் மோதலும் உண்டு. பூங்கா எல்லையில் இருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். நீண்ட வீதி வேலை என்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீடும், பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாளும். அந்த முப்பது நாளில் அறிக்கை தமிழில் முசலிப் பிரதேச செயலகத்தில் கிடக்கிறதா என்று போய்ப் பார்ப்பது கையெழுத்துப் போடுவதைவிடப் பிரயோசனமான வேலை. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து மறதி: "உங்களுக்குச் சுற்றுப் பாதை தருகிறோம்" என்று சொல்லிக் காட்டுப் பாதையை மூடிவிட்டு, சுற்றுப் பாதையை அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்குத் தள்ளுவது. முதலில் பஸ், பிறகு கதவு என்று ஒழுங்கு வைக்காவிட்டால் இந்தத் தெரிவு வெறும் பேச்சு.

எங்கே இது சரி? கடந்து போகிறவருக்கு எப்போதும் இதுதான் சரி.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முழுத் திறப்பு | முழு மூடல் | கதவும் நேரமும் | சுற்றுவழி + பஸ் |
|---|---|---|---|---|
| யாருக்கு நன்மை | பெரும்பாலும் கடந்து போகிறவருக்கு | காட்டுக்கு | முசலி – புத்தளம் குடும்பங்களுக்கு, யாத்திரிகருக்கு | இரு சாராருக்கும், மெதுவாக |
| மாரியில் | புதுப் பாலம் கட்டினால் மட்டும் ஓடும் | கேள்வி இல்லை | ஓடாது | ஓடும் |
| பின்னால் வருவது | கடை, காணி விலை, வேகம் | ஊரின் கசப்பு | விலக்குகள் பெருகும் | கிழக்கு ஓரத்தில் புது நெருக்கடி |
| பின்வாங்கல் | ஏலாது என்றே சொல்லலாம் | முடியும் | முடியும் | தேவை குறைவு |
| சுமப்பவர் | காடு, ஓரத்து ஊர்கள் | முசலிக் குடும்பங்கள் | காவல் ஊழியர் | திறைசேரி |

அட்டவணை சொல்லாத ஒன்று: இந்த நாலும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. 4ஐ முதலில் செய்து, 3ஐ மிக ஒடுக்கமாக அதோடு சேர்க்கலாம். 1ஐயும் 3ஐயும் சேர்க்க முடியாது. காபட்டும் பாலமும் வந்தபின் கதவுக்கு அர்த்தம் இல்லை. அவ்வளவு பணம் கொட்டிய வீதியை மாலை ஆறு மணிக்கு மூடுகிற அரசாங்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

## மேசையில் கிடந்த கடதாசிகள்

அடுத்த வெள்ளி, ஜும்மா முடிந்து நண்பர் வந்தார். அவருடைய கடதாசியில் "பாதை" என்ற சொல் நாலு இடத்தில் இருந்தது, "பஸ்" ஓரிடத்திலும் இல்லை. அதைக் காட்டினேன். "லொறி போகாட்டியும் உனக்குச் சரியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு உம்மாவைப் பார்க்கப் போகோணும் மச்சான். லொறிக்காரன்ட பிரச்சினையை லொறிக்காரன் பார்க்கட்டும்" என்றார். பிறகு, "ஆனா சங்கத்தில லொறிக்காரரும் இருக்காங்க" என்று சிரித்தார்.

கடதாசியின் ஓரத்தில் பேனையால் எழுதினேன்: நேரடி பஸ் முதலில்; காட்டுப் பாதை கோடையில், பகலில், பஸ்ஸுக்கும் முசலிக் குடும்பங்களுக்கும் யாத்திரைக்கும் மட்டும்; காபட் வேண்டாம்; கலா ஓயாவுக்குச் சின்னதாய் ஒரு பாலம். அதன் கீழே கையெழுத்து வைத்தேன். கடைசி வரி அவருக்காக. அவருடைய உம்மா அந்தச் சப்பாத்தில் வானுக்குள் இருந்து அழுத கதையைச் சொல்லியிருந்தார்.

மருமகள் மாலையில் வந்து வாசித்தாள். இரண்டு தரம். பேனையை எடுத்துக் கடைசி வரியை மட்டும் வெட்டினாள்.

"பாலம் வந்தா லொறி வரும் மாமா. மற்றதெல்லாம் ஓகே."

நண்பரைப் போனில் எடுத்துச் சொன்னேன். "தண்ணி வடியும் வரைக்கும் நிக்கத்தானே வேணும், நின்டாப் போச்சு" என்றார். அவள் அதன் கீழே தன் பெயரை எழுதினாள், அடையாள அட்டை இலக்கத்துடன்.